கல்வியில் வலையொலி

கல்வியில் வலையொலி என்பது இணையத்தின் வழியாகத் தொடராக வெளியிடப்படும் ஒலிக்கோப்புகளைக் கற்றலுக்கும் கற்பித்தலுக்கும் பயன்படுத்துவதைக் குறிக்கும். பாட்காஸ்ட் என்று பரவலாக அறியப்படும் இவ்வடிவம் தமிழில் வலையொலி எனவும் அழைக்கப்படுகின்றது. 2004ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழகங்களிலும், 2005ஆம் ஆண்டு முதல் பள்ளிகளிலும் இது கல்விக்குப் பயன்படத் தொடங்கியது. விரிவுரைகளைப் பதிவு செய்து வழங்குதல், பிறர் உருவாக்கிய நிகழ்ச்சிகளை வகுப்பில் கேட்கச் செய்தல், மாணவர்களே நிகழ்ச்சிகளை உருவாக்குதல் ஆகிய மூன்றும் இதன் முதன்மையான வகைகளாகும். இவை தவிர, ஆசிரியர்கள் தம் சொந்த ஆர்வத்தினால் கேட்கும் வலையொலிகளும் வகுப்பறையில் கற்பிக்கும் முறையை மாற்றியுள்ளன.

பெயரும் தொழில்நுட்பமும்

பாட்காஸ்டிங் என்ற சொல்லை இதழாளர் பென் ஹாமர்சுலி 2004 பெப்ரவரியில் தி கார்டியன் இதழில் எழுதிய கட்டுரையில் பயன்படுத்தினார். ஆப்பிள் நிறுவனத்தின் ஐப்பாட் என்னும் கையடக்க ஒலிக்கருவியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து இச்சொல் உருவானது. நியூ ஆக்சுபோர்டு அமெரிக்க அகராதி 2005ஆம் ஆண்டின் சொல்லாக பாட்காஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தது. பெயரில் ஐப்பாட் இருப்பினும், இதனைக் கேட்க அக்கருவி தேவையில்லை. எம்பி3 கோப்பை இயக்கக்கூடிய எந்தக் கணினியும் செல்பேசியும் போதுமானது.

இணையத்தில் கிடைக்கும் எல்லா ஒலிக்கோப்புகளும் வலையொலி ஆகா. வலையொலியைத் தனித்துக் காட்டுவது ஆர்.எஸ்.எஸ். என்னும் செய்தியோடை ஆகும். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் மென்பொருளாளர் டேவ் வைனர் இச்செய்தியோடையில் ஒலிக்கோப்பின் முகவரியையும் சேர்த்து அனுப்பும் வசதியை ஏற்படுத்தினார். நிகழ்ச்சியை உருவாக்குபவர் புதிய கோப்பை இட்டு, அதன் முகவரியைச் செய்தியோடையில் சேர்க்கின்றார். கேட்பவரின் மென்பொருள் அந்தச் செய்தியோடையைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் பார்வையிட்டு, புதிய கோப்பு இருந்தால் தானாகவே பதிவிறக்கிக் கொள்கின்றது. இதனால், வானொலியைப் போலக் குறித்த நேரத்தில் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு முறை பதிவிறக்கிய பின்னர் இணைய இணைப்பும் தேவையில்லை.

பேச்சு ஒலியைத் தெளிவாகப் பதிவு செய்ய நொடிக்கு 64 கிலோபிட் அளவு போதுமானது. இந்த அளவில் 30 நிமிட நிகழ்ச்சி ஒன்று ஏறத்தாழ 14 மெகாபைட் இடத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நிகழ்படத்தை விட மிகச் சிறிய கோப்பு என்பதால், வேகம் குறைந்த இணைப்பு உள்ள இடங்களிலும் இதனைப் பயன்படுத்த முடிகின்றது. பதிவு செய்யும் செலவும் குறைவு. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆடாசிட்டி என்னும் திறமூல மென்பொருளும், ஓர் ஒலிவாங்கியும் இருந்தால் பள்ளிக் கணினியிலேயே நிகழ்ச்சியைத் தயாரிக்க முடியும்.

முன்னோடிகள்

ஒலியைக் கொண்டு கற்பித்தல் வலையொலியுடன் தொடங்கவில்லை. பிபிசி 1924ஆம் ஆண்டிலேயே பள்ளிகளுக்கான ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆத்திரேலியாவில் ஆலிசு சிப்ரிங்சு நகரில் 1951இல் தொடங்கப்பட்ட வான்வழிப் பள்ளி, தொலைதூரப் பண்ணைகளில் வாழ்ந்த குழந்தைகளுக்கு இருவழி வானொலி மூலம் பாடம் நடத்தியது. நிக்கராகுவாவில் 1970களில் நடந்த வானொலிக் கணிதத் திட்டத்தில், வானொலிக் குரல் கேள்வி கேட்டுச் சற்று நேரம் அமைதி காக்கும். வகுப்பிலுள்ள மாணவர்கள் அந்த இடைவெளியில் உரக்க விடை கூறுவர். இம்முறை பின்னர் ஊடாடு வானொலிக் கற்பித்தல் என்ற பெயரில் பல நாடுகளில் பின்பற்றப்பட்டது.

இவற்றில் பாடத்தின் நேரத்தையும் வேகத்தையும் ஒலிபரப்பு நிலையமே தீர்மானித்தது. ஒலிநாடா வந்த பின்னர் ஆசிரியர் விரும்பிய நேரத்தில் பாடத்தை நிறுத்தவும் திரும்பப் போடவும் முடிந்தது. ஆனால் நாடாவைப் படியெடுத்துப் பகிர்வது கடினமாக இருந்தது. வலையொலி இந்த இரண்டு தடைகளையும் நீக்கியது. அத்துடன், கேட்பவரே ஒலிபரப்பாளராகவும் ஆகலாம் என்ற நிலையை ஏற்படுத்தியது.

பல்கலைக்கழகங்களில்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டியூக் பல்கலைக்கழகம் 2004ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், முதலாண்டு மாணவர்கள் 1,600க்கும் மேற்பட்டோருக்கு ஐப்பாட் கருவிகளை இலவசமாக வழங்கியது. குரலைப் பதிவு செய்யும் துணைக்கருவியும் உடன் தரப்பட்டது. இத்திட்டத்திற்கு ஏறத்தாழ 5,00,000 டாலர் ஒதுக்கப்பட்டது. பொழுதுபோக்குக் கருவியைக் கல்வியின் பெயரால் வழங்குவதாக இது விமர்சிக்கப்பட்டது. மொழி, இசை ஆகிய பாடங்களில் இக்கருவி பெரிதும் பயன்பட்டது. களப்பணியில் நேர்காணல்களைப் பதிவு செய்யவும் மாணவர்கள் இதனைப் பயன்படுத்தினர். அடுத்த ஆண்டு முதல் எல்லா மாணவர்களுக்கும் வழங்கும் முறை கைவிடப்பட்டு, கருவியைப் பயன்படுத்தும் பாடங்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பள்ளியில் விரிவுரைகளைப் பதிவு செய்து தருமாறு மாணவர்களே கேட்டனர். ஒரே விரிவுரை நிகழ்படமாகவும், படவில்லைகளுடன் கூடிய ஒலியாகவும், வெறும் ஒலியாகவும் வழங்கிப் பார்க்கப்பட்டது. மாணவர்கள் மிகுதியாக விரும்பியது வெறும் ஒலியையே. பேருந்திலும் நடைப்பயிற்சியிலும் கேட்க முடிவது ஒலிவடிவத்தின் தனி வசதியாகும்.

ஆப்பிள் நிறுவனம் 2005 சூன் மாதத்தில் தனது ஐடியூன்ஸ் மென்பொருளில் வலையொலியைச் சேர்த்தது. அதே ஆண்டில் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகம் தன் விரிவுரைகளை இதன் வழியாகப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. 2007இல் ஐடியூன்ஸ் யூ என்னும் தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இதில் இணைந்தன. 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் இதன் பதிவிறக்கங்கள் 100 கோடியைக் கடந்ததாக ஆப்பிள் அறிவித்தது.

இங்கிலாந்தில் இலெசுட்டர் பல்கலைக்கழகம் 2006இல் இம்பாலா என்னும் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. முழு விரிவுரையைப் பதிவு செய்வதை விட, வாரந்தோறும் சில நிமிடங்களே நீளும் சிறு பதிவுகளில் மாணவர்களின் ஐயங்களுக்கு விடையளித்தல், கட்டுரைகளைப் பற்றிக் கருத்துக் கூறுதல் போன்ற பயன்பாடுகளை இத்திட்டம் ஆராய்ந்தது.

பள்ளிகளில்

பள்ளிகளில் வலையொலியின் வளர்ச்சி வேறு வழியில் அமைந்தது. அமெரிக்காவின் நெப்ராசுகா மாநிலம் ஒமாகா நகரிலுள்ள வில்லோடேல் தொடக்கப்பள்ளி 2005இல் ரேடியோ வில்லோவெப் என்னும் வலையொலியைத் தொடங்கியது. இதில் குழந்தைகளே பாடப்பொருள் ஒன்றைத் தேர்ந்து, செய்தி திரட்டி, எழுதி, வாசித்தனர். தொடக்கப்பள்ளி மாணவர்கள் உருவாக்கிய முதல் வலையொலிகளுள் இது ஒன்றாகும். எழுதிய பயிற்சி ஆசிரியரின் மேசையோடு முடிந்துவிடாமல், முகமறியாத கேட்போரைச் சென்றடைகின்றது என்பது மாணவர்களைத் திருத்தமாக எழுதத் தூண்டியது. தவறாக வாசித்த வரியைத் திரும்பவும் வாசித்துப் பதிவு செய்ய முடிவதால், கூச்சம் உள்ள குழந்தைகளும் பங்கேற்க முடிந்தது.

2014 அக்டோபரில் வெளியான சீரியல் என்னும் வலையொலி உயர்நிலைப் பள்ளிகளில் கவனத்தைப் பெற்றது. 1999இல் பால்டிமோர் நகரில் நடந்த ஒரு பள்ளி மாணவியின் கொலையையும், அதற்காகத் தண்டிக்கப்பட்ட இளைஞரின் வழக்கையும் 12 பகுதிகளில் இது ஆராய்ந்தது. இதனைத் தாமே வாரந்தோறும் கேட்டு வந்த ஆங்கில ஆசிரியர்கள் சிலர், வகுப்பில் நாடகம் ஒன்றிற்கு ஈடாக இதனைப் பாடமாக வைத்தனர். மாணவர்கள் எழுத்துவடிவத்தைத் திரையில் பின்தொடர்ந்தபடி கேட்டனர். சாட்சியம், அனுமானம், நம்பத்தகாத கதைசொல்லி ஆகியவற்றைக் கற்பிக்க இது உதவியது. அதே வேளையில், உண்மையில் இறந்த ஒருவரின் கதையைத் துப்பறியும் புதிர் போல வகுப்பில் விவாதிப்பது முறையா என்ற கேள்வியும் எழுந்தது. சில ஆசிரியர்கள் அக்கேள்வியையே பாடத்தின் பகுதியாக ஆக்கினர்.

அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர். 2018இல் மாணவர் வலையொலிப் போட்டியை அறிவித்தது. முதல் போட்டிக்கு ஏறத்தாழ 6,000 பதிவுகள் வந்தன. 2019இல் அறிவிக்கப்பட்ட முடிவுகளில், டென்னசி மாநிலத்தின் எலிசபெத்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பதிவு வென்றது. அண்டை ஊரான எர்வினில் 1916இல் மேரி என்னும் சர்க்கசு யானை தூக்கிலிடப்பட்டதையும், அந்த நினைவுடன் அவ்வூர் எவ்வாறு வாழ்கின்றது என்பதையும் அது கூறியது. நடுநிலைப் பள்ளிப் பிரிவில், நியூயார்க்கின் பிராங்சு பகுதி மாணவிகள் மாதவிடாய் பற்றிப் பேசத் தயங்கும் வழக்கத்தைக் குறித்து உருவாக்கிய பதிவு வென்றது. இரண்டும் மாணவர்கள் தம் ஊரிலும் வாழ்விலும் இருந்து எடுத்துக்கொண்ட பொருள்களாகும்.

ஆசிரியர்கள் உருவாக்கிய வலையொலிகள்

தொடக்க காலத்தில் பெரும் வரவேற்பைப் பெற்ற வலையொலிகளுள் சில, பள்ளி ஆசிரியர்களால் உருவாக்கப்பட்டவை.

* பன்னிரு பைசாந்தியப் பேரரசர்கள்: நியூயார்க் மாநிலத்தின் சுடோனி புரூக் பள்ளியில் வரலாறு கற்பித்த இலார்சு பிரவுன்வொர்த் 2005இல் தொடங்கினார். பள்ளிப் பாடத்திட்டத்தில் சிறிதளவே இடம்பெறும் பைசாந்தியப் பேரரசின் வரலாற்றை, தம் சொந்த ஆர்வத்தினால் அவர் பதிவு செய்து வெளியிட்டார். பல நாடுகளிலும் இதற்குக் கேட்போர் கிடைத்தனர். 2009இல் இவர் இதே பொருள் பற்றிய நூல் ஒன்றையும் வெளியிட்டார். வரலாற்று வலையொலி என்னும் வகைக்கு இத்தொடர் முன்னோடியாக அமைந்தது.
* காபி பிரேக் சுபானிசு: இசுக்காட்லாந்தில் பள்ளி மொழியாசிரியராக இருந்த மார்க் பென்டில்டன் 2006இல் தொடங்கினார். ஆசிரியரும் கற்பவரும் உரையாடும் வகையில் ஒவ்வொரு பாடமும் அமைந்தது. கற்பவர் செய்யும் பிழைகளும் திருத்தங்களும் கேட்போருக்கும் பாடமாயின. பின்னர் பிரெஞ்சு, செருமன், இத்தாலியம் உள்ளிட்ட மொழிகளுக்கும் இத்தொடர் விரிவடைந்தது.

ஆசிரியர்கள் கேட்கும் வலையொலிகள்

ஆசிரியர்களுள் பலர் முதலில் கேட்போராகவே வலையொலியை அறிந்தனர். பிபிசியின் இன் அவர் டைம் நிகழ்ச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 1998 முதல் 2025 வரை மெல்வின் பிராக் நடத்திய இந்நிகழ்ச்சியில், வாரந்தோறும் ஒரு பொருளைப் பற்றி அத்துறையின் அறிஞர்கள் மூவர் உரையாடினர். 2004 முதல் இது பதிவிறக்கிக் கேட்கும் வடிவிலும் கிடைத்தது. பள்ளிக்குச் செல்லும் வழியில் கேட்கும் இத்தகைய நிகழ்ச்சி, பயிற்சி வகுப்புக்குச் செல்ல நேரமில்லாத ஆசிரியருக்குத் தம் பாடத்தில் புதிய அறிவைத் தந்தது. கற்பிக்கும் முறைகளைப் பற்றி ஆசிரியர்களுக்காகவே உருவான வலையொலிகளும் உண்டு. முன்னாள் நடுநிலைப் பள்ளி ஆசிரியர் செனிபர் கான்சாலசு நடத்தும் கல்ட் ஆப் பெடகாசி அவற்றுள் ஒன்று.

ஆசிரியர்கள் கேட்ட வலையொலி ஒன்று கல்விக் கொள்கையையே பாதித்ததும் உண்டு. 2022 அக்டோபரில் அமெரிக்காவின் ஏ.பி.எம். ரிப்போர்ட்ஸ் வெளியிட்ட சோல்ட் எ சுடோரி என்னும் தொடரை, இதழாளர் எமிலி ஆன்போர்டு உருவாக்கினார். அமெரிக்கப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்பிக்கும் முறையை அது ஆராய்ந்தது. அறியாத சொல்லைக் காணும் குழந்தை, படத்தையும் வாக்கியத்தின் பொருளையும் முதலெழுத்தையும் கொண்டு அச்சொல்லை ஊகிக்க வேண்டும் என்பது பல பள்ளிகளில் கற்பிக்கப்பட்டது. திறமையாக வாசிப்பவர் அவ்வாறு ஊகிப்பதில்லை, எழுத்துகளை ஒலிகளோடு பொருத்தியே சொல்லை அறிகின்றார் என அறிவாற்றல் உளவியல் ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகக் காட்டி வந்தன. இந்த ஆய்வுகள் வகுப்பறையை அடையாதது ஏன் என்பதே அத்தொடரின் கேள்வியாகும்.

பல ஆண்டுகள் நம்பிக்கையோடு பின்பற்றிய முறை தம் மாணவர்களுக்குத் தடையாக இருந்திருக்கலாம் என்பதை, பல ஆசிரியர்கள் இத்தொடர் மூலமாகவே அறிந்தனர். சிலர் வருத்தத்தையும் சிலர் கோபத்தையும் வெளிப்படுத்தினர். எழுத்தொலி முறையைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் சில மாநிலங்களில் முன்னரே இருந்தன. இத்தொடருக்குப் பின்னர் அவை மேலும் பெருகின. ஒகையோ, இந்தியானா ஆகிய மாநிலங்கள் 2023இல் ஊகித்து வாசிக்கும் முறையைச் சட்டத்தின் மூலம் கட்டுப்படுத்தின. மறுபுறம், கல்வியாளர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மடல் ஒன்று, சிக்கலான ஒரு துறையை இத்தொடர் மிக எளிமையாக்கிக் காட்டுகின்றது என எதிர்த்தது. எவ்வாறாயினும், மாணவர்களுக்கு ஒலிக்கச் செய்யாத ஒரு வலையொலி, ஆசிரியரின் காது வழியாக வகுப்பறையை மாற்றியதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

வகுப்பில் பயன்படுத்தும் முறைகள்

வகுப்பில் வலையொலியைக் கேட்கச் செய்யும்போது பொதுவாகப் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன.

* முன்கேள்விகள்: கேட்பதற்கு முன்னர் இரண்டு அல்லது மூன்று கேள்விகள் தரப்படும். எதைக் கவனிக்க வேண்டும் என்பது மாணவருக்குத் தெரிந்திருக்கும்.
* பகுதி பகுதியாகக் கேட்டல்: நிகழ்ச்சியைச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை நிறுத்தி, கேட்டதை அருகிலிருப்பவரிடம் கூறச் செய்தல். முழு நிகழ்ச்சியையும் தொடர்ந்து ஒலிக்க விடுவதை விட இது கவனத்தை நிலைநிறுத்த உதவும்.
* எழுத்துவடிவத்துடன் கேட்டல்: பேச்சின் எழுத்துவடிவத்தைக் கண்ணால் பின்தொடர்தல். இரண்டாம் மொழியாக ஒன்றைக் கற்பவருக்கு இது சொல்லின் ஒலியையும் எழுத்தையும் இணைத்துக் காட்டும்.
* மீளக் கேட்டல்: தேர்வுக்கு முன்னர் கடினமான பகுதியை மட்டும் திரும்பக் கேட்டல்.
* மாணவர் ஆக்கம்: ஊர் முதியவரை நேர்காணல் செய்தல், அறிவியல் சோதனையை விளக்குதல், நூல் மதிப்புரை கூறுதல் போன்றவை.
* ஒலிவழித் திருத்தம்: மாணவரின் கட்டுரையைப் பற்றி ஆசிரியர் எழுதாமல் பேசிப் பதிவு செய்து அனுப்புதல். சிவப்பு மையில் எழுதும் ஒற்றைச் சொல்லை விட, குரலின் தொனி கருத்தைத் தெளிவாக உணர்த்தும்.

மாணவர் ஆக்கத்தில் பதிவு செய்யும் நேரத்தை விட எழுதும் நேரமே அதிகமாகும். நிமிடத்திற்கு 150 சொற்கள் என்ற ஆங்கிலப் பேச்சு வேகத்தில், ஐந்து நிமிட நிகழ்ச்சிக்கு 750 சொற்கள் கொண்ட எழுத்து தேவைப்படும். செய்தி திரட்டல், எழுதுதல், உரக்க வாசித்துத் திருத்துதல், பதிவு செய்தல், வெட்டித் தொகுத்தல் என்ற வரிசையில் இப்பணி நடைபெறும். தொழில்நுட்பப் பயிற்சி போலத் தோன்றினும், இது பெரும்பாலும் மொழிப் பயிற்சியே ஆகும்.

ஆய்வு முடிவுகள்

வலையொலியால் கற்றல் மேம்படுகின்றதா என்பது பற்றிய ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை.

நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிரடோனியா வளாகத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வொன்றில், உளவியல் மாணவர்களுள் ஒரு குழுவினர் விரிவுரையை நேரில் கேட்டனர். மற்றவர்கள் அதனையே வலையொலியாகக் கேட்டனர். தேர்வில் நேரில் கேட்டவர்களின் சராசரி 62 ஆகவும், வலையொலியில் கேட்டவர்களின் சராசரி 71 ஆகவும் இருந்தது. ஆயினும் இந்தக் கூடுதல் மதிப்பெண், வலையொலியைக் கேட்கும்போது குறிப்பெடுத்தவர்களுக்கே கிடைத்தது. குறிப்பெடுக்காமல் கேட்டவர்களுக்கு நேரில் கேட்டவர்களை விடப் பயன் மிகவில்லை.

டேனியல், வூடி ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இதற்கு மாறானது. அவர்கள் வலையொலியை விரிவுரையோடு ஒப்பிடாமல், வாசிப்போடு ஒப்பிட்டனர். ஒரே கட்டுரையை வாசித்த மாணவர்கள் தேர்வில் 81 விழுக்காடும், அதனை ஒலியாகக் கேட்ட மாணவர்கள் 59 விழுக்காடும் பெற்றனர். இந்த ஆய்வுக்குக் கேட்கின்றனர், ஆனால் செவிமடுப்பதில்லை என்ற பொருள் தரும் தலைப்பு இடப்பட்டது. மாறாக, பொதுவாசகர்களுக்கான வரலாற்று நூல் ஒன்றின் பகுதிகளைக் கொண்டு 2016இல் வெளியான ஆய்வு, வாசித்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் இடையே புரிதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை எனக் கண்டது.

கதை போன்ற எளிய உரைக்குக் கேட்டலும் வாசித்தலும் ஏறத்தாழ ஒரே பயனைத் தரலாம் என இம்முடிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கருத இடமுண்டு. கடினமான பாடநூல் பகுதியை வாசிப்பவர் புரியாத வரியில் நின்று, பின்னோக்கிச் சென்று, மீண்டும் படிக்கின்றார். ஒலியில் இது எளிதாக நிகழ்வதில்லை. நிறுத்துதல், குறிப்பெடுத்தல், திரும்பக் கேட்டல் ஆகியவை இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. வீட்டு வேலை செய்தபடியோ பயணம் செய்தபடியோ கேட்கும்போது இவை மூன்றும் கைகூடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சிரமப்படும் குழந்தைக்கு ஒலிவடிவம் வேறொரு வகையில் உதவுகின்றது. வாசித்துப் புரிந்துகொள்ள, எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் தேவை. முதல் திறன் வளரும் வரை, வலையொலி இரண்டாவது திறனுக்குத் தேவையான சொல்வளத்தையும் உலக அறிவையும் அளிக்கும். ஆனால் அது வாசிப்புக்கு மாற்றாகாது.

சிக்கல்கள்

செவிப்புலன் குறைபாடு உடையோர்

ஒலியை மட்டுமே கொண்ட பாடம், கேட்க இயலாத மாணவரை முற்றிலும் விலக்கிவிடுகின்றது. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக விரிவுரைகளை ஒலியாகவும் நிகழ்படமாகவும் இலவசமாக வெளியிட்டு வந்தது. அவற்றுள் பலவற்றில் எழுத்துவடிவம் இல்லை என முறையீடு செய்யப்பட்டது. அமெரிக்க நீதித்துறை 2016 ஆகத்தில் இப்பதிவுகள் ஊனமுற்ற அமெரிக்கர் சட்டத்தின் விதிகளுக்கு ஏற்ப இல்லை எனக் கண்டது. எழுத்துவடிவம் சேர்ப்பதற்கான செலவைக் கருதி, பல்கலைக்கழகம் 2017 மார்ச்சில் 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து நீக்கியது. உலகெங்கும் பயன்பட்ட பாடங்கள் மறைந்ததைப் பலர் கண்டித்தனர். தொடக்கத்திலிருந்தே செவிப்புலன் குறைந்தோரைக் கருதாமல் வெளியிட்டதே தவறு என மற்றவர்கள் சுட்டிக்காட்டினர். 2022இல் நீதித்துறையும் பல்கலைக்கழகமும் உடன்பாட்டுக்கு வந்தன. பள்ளியில் உருவாக்கும் சிறு வலையொலிக்கு இச்சிக்கல் குறைவு. எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பதால், எழுத்துவடிவம் முன்பே ஆயத்தமாக உள்ளது. அதனையும் சேர்த்து வெளியிட்டால் போதும்.

நிலைத்திருக்காமை

ஐடியூன்ஸ் யூ 2021ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. கூகுள் நிறுவனத்தின் வலையொலிச் செயலி 2024இல் நிறுத்தப்பட்டது. செய்தியோடை என்பது எந்த ஒரு நிறுவனத்திற்கும் உரியதல்ல என்பதால், ஒரு செயலி மூடப்பட்டாலும் வேறொன்றில் அதே நிகழ்ச்சியைத் தொடர்ந்து கேட்கலாம். ஆனால் கோப்பு வைக்கப்பட்டுள்ள இடமே மறைந்தால் செய்தியோடையால் பயனில்லை. இதனால், பாடத்திட்டத்தில் சேர்த்த நிகழ்ச்சிகளின் படியை உரிமம் இடங்கொடுக்கும் அளவில் பள்ளியிலேயே வைத்திருத்தல் நல்லது.

பதிப்புரிமையும் தனியுரிமையும்

இலவசமாகக் கேட்கக் கிடைப்பது உரிமையின்றி மறுவெளியீடு செய்யத்தக்கது என்று பொருளல்ல. குறிப்பாக, மாணவர்கள் தம் நிகழ்ச்சியில் திரைப்பாடல்களையோ இசைத்தட்டுகளின் பகுதிகளையோ சேர்த்துப் பொதுவில் வெளியிடுவது பதிப்புரிமைச் சிக்கலை ஏற்படுத்தும். கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தில் வெளியான இசையை, அவ்வுரிமத்தின் கட்டுப்பாடுகளுக்கு இணங்கப் பயன்படுத்தலாம். சிறுவர்களின் குரல் பொதுவில் வெளியாவதால் பெற்றோரின் எழுத்துவழி இசைவைப் பெறுவதும், முழுப்பெயர், முகவரி போன்றவற்றைத் தவிர்ப்பதும் வழக்கமாக உள்ளது.

இந்தியாவில்

இந்தியாவில் ஒலிவழிக் கல்வி பெரும்பாலும் வானொலியைச் சார்ந்தே வளர்ந்தது. ஞானவாணி என்னும் கல்வி வானொலி 2001இல் தொடங்கப்பட்டது. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004 பெப்ரவரியில் தொடங்கிய அண்ணா எப்.எம்., இந்தியாவில் கல்வி வளாகம் ஒன்றிலிருந்து இயங்கிய முதல் சமுதாய வானொலியாகும். 2020இல் கொரோனா தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது நடுவண் அரசு அறிவித்த பி.எம். இ-வித்யா திட்டத்தில், வானொலி, சமுதாய வானொலி ஆகியவற்றுடன் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியத்தின் சிக்சா வாணி என்னும் வலையொலியும் இடம்பெற்றது. பார்வையற்ற மாணவர்களுக்கு ஒலிவடிவப் பாடங்கள் சிறப்பாகப் பயன்படுகின்றன.

தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பெரிதும் வேறுபடுவதால், வலையொலிக்குத் தனிப் பயன் உண்டு. பாடநூலில் எழுத்து வழக்கை மட்டுமே காணும் பிறமொழியாளரும், புலம்பெயர்ந்த குடும்பங்களின் குழந்தைகளும், இயல்பான பேச்சுத் தமிழை ஒலிவடிவிலேயே கற்க முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

* கல்வி வானொலி
* சமுதாய வானொலி
* செய்தியோடை
* ஒலிநூல்
* தொலைநிலைக் கல்வி
* திறந்த கல்வி வளங்கள்